செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டு!

காரின் கதவு திறந்திருக்கிறது. டிரைவர் சீட்டின் சாய்மானத்தின் மேல் ஒருவருடைய இரண்டு கால்கள் தெரிகின்றன. தலை பெடல்களுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது. வாயில் டார்ச், ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் நாலைந்து வாஷர். வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டால், ஒரு கோளாறும் இல்லை. எஞ்சின் 9000 ஆர்.பி.எம். வரை அருமையாகப் பாடுகிறது. கியர் வெண்ணெய். பிரேக் பிரமாதம். பிறகு எதற்கு இந்தச் சிரசாசனம் என்றால், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கீழே இறக்குவதற்காம்!

ஹோண்டா எஸ்2000 வாங்கிய எத்தனையோ பேர் செய்து பார்த்த வேலை இது. 1999-லிருந்து 2009 வரை தயாரான அந்தக் காரில் ஸ்டியரிங்கை மேலே கீழே சாய்க்கவும் முடியாது, முன்னே பின்னே இழுக்கவும் முடியாது. தொழிற்சாலையில் எங்கே முடுக்கினார்களோ அங்கேதான் அது. ஆறடிக்காரருக்கும் அதே இடம், ஐந்தடிக்காரருக்கும் அதே இடம். ஆகவே ஸ்டியரிங் தண்டை டேஷ்போர்டின் அடியில் தூக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, இடையில் வாஷரோ ஸ்பேசரோ கொடுத்து, ஒரு விரற்கடை இறக்கிக்கொள்கிறார்கள். "பதினைந்து நிமிஷ வேலை பாஸ், தாராளமா பண்ணலாம்" என்று உற்சாகப்படுத்துவதற்கு ஆட்களும் உண்டு.

பதினைந்து நிமிஷமா ஒரு மணி நேரமா என்பதல்ல பிரச்சினை. "டிரைவருக்காகவே செதுக்கப்பட்ட கார்" என்று விளம்பரம் செய்து, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்ட ஒரு நிறுவனத்தின் காரில், டிரைவர் ஏன் தலைகீழாகக் கிடந்து வாஷர் சொருக வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் நிறுவனம் பதில் சொல்வதற்கு முன்னால் ரசிகர்கள் முந்திக்கொள்வார்கள். "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும். சொகுசு வேணும்னா செடான் வாங்கு."

இதைவிடப் பெரிய ஜல்லி கிடையாது.

ஸ்டியரிங் எட்டுவதும் எட்டாமல் இருப்பதும் சொகுசு சமாசாரம் இல்லை. கொஞ்சம் யோசித்தாலே தெரியும். கைக்கியர் வைத்த காரில் உட்காருபவர் முதலில் சீட்டை எதற்காக நகர்த்துகிறார்? கிளட்சுக்காக. இடதுகால் கிளட்சை அடிவரை மிதிக்க வேண்டும், மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். ஆக, சீட் எங்கே நிற்கும் என்பதைக் கால்தான் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகுதான் கையின் முறை. முதுகை சீட்டிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிடித்து ஓட்டும்போது முழங்கை மடங்கியிருக்க வேண்டும். வளைவில் சட்டென்று ஒடிக்க வேண்டியிருந்தால் தோள் சீட்டை விட்டு எழும்பக் கூடாது. கால் நீளமானவருக்குச் சீட் பின்னால் போய்விடும், கை கம்பு மாதிரி விறைத்துக்கொள்ளும். கால் குட்டையானவருக்குச் சீட் முன்னால் வந்துவிடும், ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கும். இரண்டு பேருக்கும் தேவைப்படுவது ஒரே சாமான்: ஸ்டியரிங்கை இழுக்கவும் தள்ளவும் ஒரு சின்ன நெம்புகோல். அது இல்லையென்றால் காலுக்குப் பொருந்தினால் கைக்குப் பொருந்தாது, கைக்குப் பொருந்தினால் காலுக்குப் பொருந்தாது.

(கையை விறைப்பாக நீட்டி ஓட்டுவதும் ஒரு காலத்தில் ஸ்டைலாக இருந்தது. 1950-ல் முதல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான நினோ ஃபரீனா அப்படித்தான் ஓட்டுவார். அதைப் பார்த்து மற்றவர்களும் நீட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்துக்கொண்ட தூரம். யாரும் அவர் தலையில் கட்டியதல்ல.)

சரி, தொழில்நுட்பம் அப்போது இல்லை, அதனால் வைக்கவில்லை என்று சொல்லவாவது வழி உண்டா? அதுவும் இல்லை. ஜாகுவார் எக்ஸ்கே120 வந்தது 1948-ல். அதில் ஸ்டியரிங்கை முன்னே பின்னே நகர்த்தலாம். அதே ஜாகுவாரின் ஈ-டைப் 1961-ல் வந்தபோது முன்னே பின்னேயும் நகர்த்தலாம், சாய்வையும் மாற்றலாம். அமெரிக்காவில் காடிலாக் 1965 மாடலிலேயே இரண்டு வசதியையும் சேர்த்துக் கொடுத்தது. மனிதன் நிலவில் காலை வைப்பதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்ட சிக்கல் இது!

ஹோண்டாவுக்கே கூடத் தெரியாத விஷயமில்லை. 1990-ல் வந்த அவர்களுடைய என்எஸ்எக்ஸ் காரில் ஸ்டியரிங்கைச் சாய்க்கவும் இழுக்கவும் முடியும். ஒன்பது வருஷம் கழித்து வந்த எஸ்2000-ல் இரண்டுமே கிடையாது. இடைப்பட்ட ஒன்பது வருஷத்தில் மனிதர்களின் கையும் காலும் ஒரே அளவுக்கு வந்துவிட்டனவா என்ன? விலை குறைந்த காரை வாங்குகிறவன் அனுசரித்துக்கொள்வான் என்ற கணக்கைத் தவிர இதற்கு வேறு விளக்கம் சொல்வது கஷ்டம்.

போர்ஷே கதை இன்னும் வேடிக்கை. 1990-களின் கடைசியில் வந்த 996 தலைமுறை 911-ல் ஸ்டியரிங்கை இழுக்கலாம், ஆனால் உயரத்தை மாற்ற முடியாது. 2004-ல் வந்த 997-ல்தான் இரண்டும் கிடைத்தன. நிஸ்ஸான் 350இசட் நேரெதிர். அதில் சாய்க்கலாம், சாய்த்தால் மீட்டர்களும் கூடவே ஏறி இறங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இழுக்க முடியாது. ஆளுக்குப் பாதியாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. :-)

இந்த வழக்கில் முதல் குற்றவாளி என்று ஒருவரைக் கூண்டில் ஏற்ற வேண்டுமென்றால் அது மாஸ்டா எம்எக்ஸ்-5 தான். காரணம், அது மோசமான கார் என்பதல்ல. நேர்மாறாக, உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு சீட்டு திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளியானதிலிருந்து அந்தக் காருக்கு ஒரே ஒரு மந்திரம்தான்: ஜின்பா இத்தாய். குதிரையும் வீரனும் ஒன்றாவது என்று அர்த்தம். கேட்கவே சிலிர்க்கிறது இல்லையா? முதல் இரண்டு தலைமுறைக் கார்களிலும் ஸ்டியரிங் அசையாது. 2005-ல் வந்த மூன்றாவது தலைமுறையில் சாய்க்க மட்டும் முடிந்தது. 2015-ல் விற்பனைக்கு வந்த நான்காவது தலைமுறையிலும் சாய்க்க மட்டும்தான். முன்னே பின்னே நகரும் ஸ்டியரிங் 2018-ல் செய்த மாற்றத்தில்தான் வந்தது. 1989-க்கும் 2018-க்கும் இடையில் 29 வருஷம். அத்தனை காத்திருப்புக்குப் பிறகு கிடைத்தது 30 மில்லிமீட்டர்.

குதிரை உவமையை எடுத்தவர்கள் அதை முழுசாக எடுத்திருக்கலாம். குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம் ஒரு வாரில் தொங்கும். அந்த வாரில் பக்கிள் இருக்கும், வரிசையாக ஓட்டைகள் இருக்கும். ஏறுகிறவன் காலுக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கிக்கொள்வான். ஒரு தோல் துண்டில் நாலு ஓட்டை போட்டுத் தீர்த்த விஷயத்தைத் தீர்க்க அந்த மந்திரக்காரர்களுக்கு 29 வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த 29 வருஷமும் வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. உயரமானவர்கள் சீட் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோமைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, மறுபடி தைத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்தால் உடம்பு ஒரு அங்குலம் தாழும், முழங்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும். இன்னும் சிலர் சீட்டின் தண்டவாளத்தையே மாற்றினார்கள். கம்பெனி ஸ்டியரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுச் சின்ன மோமோவோ நார்டியோ மாட்டி, அதற்கும் தண்டுக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்து நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஸ்டியரிங் பக்கத்தில் வந்துவிடும், சந்தோஷம். இண்டிகேட்டர் குச்சி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும், விரல் எட்டாது. ஒரு சட்டையின் கழுத்தை இறுக்கப் போய் கை நீளம் குறைந்த கதை.

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது என்பார்களே, அது இதுதான். இங்கே வெட்டுப்படுவது சீட் ஃபோம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

*

இனி கணக்கு. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஜப்பானிய நிறுவனங்கள் புகழ்பெற்ற முறை ஒன்று உண்டு, டார்கெட் காஸ்டிங். முதலில் சந்தை என்ன விலை தாங்கும் என்று பார்ப்பது, அதிலிருந்து வேண்டிய லாபத்தைக் கழிப்பது, மிச்சம் இருக்கும் தொகைக்குள் காரைச் செய்து முடிப்பது. நல்ல முறைதான், குறையொன்றுமில்லை. அந்தத் தொகைக்குள் அடங்குவதற்காக ஒவ்வொரு உதிரியாக எடுத்து "இது வேண்டுமா?" என்று கேட்பார்கள். வாங்குபவரின் கண்ணுக்குப் படுவது தப்பிக்கும், படாதது வெட்டுப்படும். எஞ்சின் குதிரைத்திறன் பத்திரிகையில் வரும். 0-லிருந்து 100 கிலோமீட்டர் எட்டும் நேரம் வரும். ஸ்டியரிங் எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்று அட்டைப்படத்தில் யார் போடப்போகிறார்கள்? ஷோரூமில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கும்போதும் தெரியாது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டி இறங்கும்போது தோள்பட்டை சொல்லும். அதற்குள் செக் பாஸாகியிருக்கும்.

நெம்புகோல் வைக்காததால் அந்தச் செலவு மறைந்துபோய்விடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அது நிறுவனத்தின் கணக்கிலிருந்து வாங்கியவரின் கணக்குக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பேசர் விலை, புது ஸ்டியரிங் விலை, தையல்காரர் கூலி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதுகுவலி. ஆயிரக்கணக்கில் மொத்தமாகத் தொழிற்சாலையில் செய்யும்போது ஆகிற செலவைவிட ஒவ்வொருவரும் தனித்தனியாக வீட்டில் செய்யும்போது எவ்வளவு கூடுதலாகும் என்பதற்கு மேதை தேவையில்லை. இதை மிச்சம் என்று நிறுவனம் எழுதிக்கொள்கிறது. "என் கையாலேயே சரிபண்ணேன்" என்று வாங்கியவர் பெருமைப்பட்டுக்கொள்கிறார். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்க எந்த வியாபாரியும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

எடை கூடிவிடும் என்பது அடுத்த சால்ஜாப்பு. எடைக் கணக்கை உண்மையாகவே கடைசிவரை பார்த்த ஒரு கார் உண்டு. 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ், சுமார் 725 கிலோ. அதிலும் ஸ்டியரிங் அசையாது. ஆனால் அந்தக் காரில் வேறு எதுவும்தான் இல்லை. எல்லாவற்றையும் துறந்த சாமியார் செருப்பையும் துறந்தால் மரியாதையாகத்தான் இருக்கும். எம்எக்ஸ்-5 அப்படியா? பவர் விண்டோ உண்டு, ஏசி உண்டு, நாலாம் தலைமுறையில் நடுவே திரை வைத்துப் பாட்டும் உண்டு. பாட்டுக்கு இருக்கிற எடை ஸ்டியரிங்குக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டது. 2018-ல் நெம்புகோலை வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கார் குண்டாகிவிட்டது என்று யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

நகரும் தண்டு என்றால் ஆட்டம் கொடுக்கும், சாலையின் உணர்வு கைக்கு வராது என்பார்கள். 997-ல் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் நகரும். அந்தக் காரின் ஸ்டியரிங் உணர்வை இன்றைக்கும் சிலாகித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு 2011-ல் வந்த 991-ல் மின்சார ஸ்டியரிங் வந்தபோதுதான் உணர்வு போச்சு என்று புலம்பல் கேட்டது. நெம்புகோலின் மேல் ஒரு புகாரும் இல்லை.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, "ரேஸ் காரில் ஸ்டியரிங் நகருமா?" என்கிற கேள்வி. நகராதுதான். ஏன் நகராது? ஃபார்முலா ஒன் டிரைவரை உட்காரவைத்து, அவர் உடம்பைச் சுற்றி அச்செடுத்து, அவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிற சீட்டைச் செய்கிறார்கள். பெடல் தூரம், ஸ்டியரிங் தூரம் எல்லாம் அவர் அளவுக்கு அமைக்கப்படுகின்றன. அளவெடுத்துத் தைத்த சட்டைக்கு அட்ஜஸ்ட்மெண்ட் தேவையில்லை. ரெடிமேட் சட்டையை விற்றுக்கொண்டு தையல்காரர் பெயரைச் சொல்லக்கூடாது. சாலைக்கு வந்த கார்களிலேயே ரேஸுக்கு மிக நெருக்கமான ஃபெராரி லாஃபெராரியையும் 2017 மாடல் ஃபோர்டு ஜிடியையும் பாருங்கள். இரண்டிலும் சீட் உடம்போடு ஒட்டிய கூடு, அது நகராது. அதனால் பெடலும் ஸ்டியரிங்கும் டிரைவரை நோக்கி நகர்ந்து வருகின்றன. ரேஸ் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

*

இதுவரை சொன்னது தோள்வலி, காசு. இனி வருவது உயிர் விஷயம்.

ஸ்டியரிங்கின் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. மோதினால் அது கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். விரிந்து முடித்த பையில் சாய்ந்தால் பிழைக்கலாம். விரிந்துகொண்டிருக்கும் பையின் மேல் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் அதுவே அடி. அதனால்தான் நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. அந்நாட்டில் 1990-க்கும் 2008-க்கும் இடையில் வேகம் குறைந்த விபத்துகளில் ஏர்பேக் விரிந்ததாலேயே 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் முன்சீட்டில் இருந்த குழந்தைகள். ஆனால் ஓட்டுநர்களும் உண்டு. ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார வேண்டியிருந்த குள்ளமான பெண்கள் அவர்களில் பலர். அந்த இறப்புகள் பெரும்பாலும் 1998-க்கு முந்தைய கார்களில் நடந்தவை. அதற்குப் பிறகு பையின் வேகத்தைக் குறைத்தார்கள். நல்லது. ஆனால் தூரம் தூரம்தான்.

மோதல் சோதனையில் பல வருஷங்களாக முக்கியமாக உட்காரவைக்கப்பட்ட பொம்மை சுமார் 175 சென்டிமீட்டர் உயரமான ஆண். சின்னப் பெண் பொம்மை சுமார் 152 சென்டிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அது மிகமிகக் குள்ளமான பெண்களின் அளவு. இந்தியக் கணக்கில்? கிட்டத்தட்ட சராசரிப் பெண்! அந்த உயரத்தில் ஒருத்தி கைக்கியர் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து கிளட்சை அடிவரை மிதிக்கும்படி சீட்டை இழுத்துக்கொண்டால் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன மிஞ்சும்? அவளுக்கு வேண்டியது ஸ்டியரிங்கைத் தள்ளிவிடும் வசதி. "சொகுசு வேணும்னா செடான் வாங்கு" என்று சவுண்ட் விடும் ஆறடி அண்ணன்களுக்கு இது தோன்றியதே இல்லை. அவர்கள் கனவில் ஓட்டும் காரின் டிரைவர் எப்போதும் அவர்களேதான்.

வாஷர் வைத்தியத்துக்கும் இதே கதிதான். ஸ்டியரிங் தண்டு என்பது வெறும் இரும்புக் குழாய் கிடையாது. விபத்தில் அது ஈட்டி மாதிரி டிரைவரின் நெஞ்சில் பாய்ந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1967-லிருந்து அமெரிக்கக் கார்களில் மோதும்போது மடங்கிச் சுருங்கும் தண்டு பரவலாக வந்தது. 1968-லிருந்து, நேர் மோதலில் தண்டு டிரைவர் பக்கம் 127 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு வரக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அது எந்த இடத்தில் கழன்றுகொள்ள வேண்டும், எவ்வளவு விசையில் சுருங்க வேண்டும் என்பதெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தது. அந்தத் தாங்கியின் நடுவில் நாலு வாஷரைச் சொருகினால், மோதல் சோதனையில் தேறிய கார் வேறு, வீட்டு வாசலில் நிற்கும் கார் வேறு. ஏர்பேக் வைத்த ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு மோமோ மாட்டியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் முழங்கை வசதிக்காகப் பையையே தானம் செய்தவர்கள்.

இதற்காக வாஷர் சொருகியவரைத் திட்டுவது சுலபம். திட்டுகிறவர்களும் உண்டு: "கம்பெனி கொடுத்ததை நோண்டினா இப்படித்தான்." நல்ல நியாயம்! பொருந்தாததைக் கொடுத்தவர் யோக்கியர், பொருத்திக்கொண்டவர் குற்றவாளி. ஒருவர் எல்லாத் தகுதியும் உள்ள காரை ஆசைப்பட்டு வாங்கி, கை எட்டாமல், ஓட்டவும் முடியாமல் விற்கவும் மனசில்லாமல் கடைசியில் ஸ்பேனரை எடுக்கிறார். அந்த நிலைமைக்கு அவரைத் தள்ளியது எந்த மேஜையில் எந்தப் பட்டியலில் அடித்த ஒரு வரி? அதைக் கேட்பார் இல்லை.

2022-ல் புது நிஸ்ஸான் இசட் விற்பனைக்கு வந்தது. 350-லும் 370-லும் சாய்க்க மட்டுமே முடிந்த ஸ்டியரிங்கை இதில் இழுக்கவும் முடிகிறது. எம்எக்ஸ்-5-ன் 2018 மாற்றத்தில் இரண்டு லிட்டர் எஞ்சின் 160-லிருந்து 184 குதிரைத்திறனுக்கு ஏறியது, சிவப்புக்கோடு 7500-க்குப் போனது. ஆனாலும் பழைய காரை வைத்திருந்தவர்கள் புதியதில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கை வைத்தது ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த நெம்புகோலில்தான். "சொகுசு வேணும்னா செடான் வாங்கு" கோஷ்டி அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அநேகமாக வரிசையில் நின்று அதையேதான் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.